ஆந்தைப் பள்ளிக்கு முப்பத்தொரு மதிப்பெண்

ஜனவரி 8, திங்கள்

ஐந்தோவன், நெதர்லாந்து. வந்து நான்காம் நாள். காலை எட்டரை மணிக்கு வெளியே கும்மிருட்டு. சூரியனே ஒன்பது மணி பக்கமாகத்தான் எட்டிப் பார்க்கிறான். பிள்ளைகள் மட்டும் எட்டரைக்குப் பள்ளிக்கூடத்தில் இருக்க வேண்டுமாம். நல்ல நியாயம்!

இந்த டைரி செண்பகத்துக்கு அவள் புது ஆபீசில் கொடுத்தது. அவளுக்கு எழுத நேரமில்லை. எனக்கு நேரத்தைத் தவிர வேறெதுவும் இல்லை. ஆகவே நான் எழுதுகிறேன். ஆவுடையப்பன், வயது முப்பத்தொன்பது, தாம்பரத்தில் ஒரு மெட்ரிக் பள்ளியில் பதினான்கு வருடம் பத்தாம் வகுப்புக்கும் பன்னிரண்டாம் வகுப்புக்கும் கணக்கு எடுத்தவன். சம்பளமில்லாத விடுப்பு போட்டுவிட்டு மனைவியோடு வந்திருக்கிறேன். கம்ப்யூட்டர் சிப் செய்கிற இயந்திரத்தைச் செய்கிற கம்பெனியில் அவளுக்கு வேலை. "மெஷின் செய்யுத மெஷினா?" என்று கேட்டேன். "அது கெடக்கட்டும், மொதல்ல பிள்ளையளுக்குப் பள்ளிக்கூடம் பாருங்க" என்றாள். திருநெல்வேலியை விட்டு இருபது வருடமாகியும் எங்கள் இருவர் வாயும் மாறவில்லை.

பிள்ளைகள் இரண்டு பேர். மூத்தவள் காந்திமதி, ஆறு வயது, வீட்டில் மதி. இளையவன் ஆறுமுகம், கூப்பிடுவது ஆறு. பெயர் ஆறு, வயது நாலு. சென்னை விமான நிலையத்தில் அதிகாரி அவனிடம் வயதைக் கேட்க, இவன் பெயரைச் சொல்ல, அவர் பாஸ்போர்ட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டார்.

பள்ளிக்கூடம் என் இலாகா என்று செண்பகம் ஒதுக்கிவிட்டாள். ஒதுக்காவிட்டாலும் நான் எடுத்துக்கொண்டிருப்பேன். எத்தனை பள்ளி ஆய்வுக்குழுவைப் பார்த்தவன்! ஒவ்வொரு பள்ளிக்கும் நூற்றுக்கு மதிப்பெண் போட்டு, தராதரம் பார்த்து, மாத முடிவுக்குள் சேர்த்துவிடுவதாகச் சொல்லியிருக்கிறேன்.

ஜனவரி 11, வியாழன்

முதல் பள்ளியைக் குடும்பத்தோடு போய்ப் பார்த்தோம். ஊருக்கு வெளியே, பஸ்ஸில் நாற்பது நிமிடம். கட்டடம் முழுக்கக் கண்ணாடி. அதனால் கண்ணாடிப் பள்ளி என்று பெயர் வைத்துவிட்டேன். எல்லாப் பாடமும் ஆங்கிலத்தில். அட்டவணை இருக்கிறது, வீட்டுப்பாடம் இருக்கிறது, பரீட்சை இருக்கிறது. இரண்டு வருடம் கழித்து ஊருக்குத் திரும்பினால் பிள்ளைகள் விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

சேர்க்கையைப் பார்க்கிற அம்மாள் என்னிடம் நிறையக் கேட்டார். செண்பகம் பதில் சொன்னாள். நான் தலையை ஆட்டினேன். நம் ஊர் ஆட்டலை அந்த அம்மாள் 'வேண்டாம்' என்று எடுத்துக்கொண்டு இரண்டு தடவை முகம் வாடிப் போனார். செண்பகம் என் முழங்கையில் ஒரு கிள்ளு கிள்ளினாள்.

எனக்கு ஆங்கிலம் வராது என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. 'தேர்ஃபோர்', 'ஹென்ஸ் ப்ரூவ்டு' என்று பதினான்கு வருடம் முழங்கிய வாய் இது. இவர்கள் என்னவென்றால் குளிர் எப்படி இருக்கிறது, வார இறுதி எப்படிப் போனது என்று கேட்கிறார்கள். அதை நான் எங்கே போய் நிரூபிப்பது?

ஆறுவுக்கு இடம் உண்டு. மதியின் வகுப்பில் ஒரே ஓர் இடம், கேட்டு நிற்பவர்கள் இரண்டு பேர். இருபத்தைந்தாம் தேதி மதி ஓர் ஆசிரியையோடு பத்து நிமிடம் தனியாகப் பேச வேண்டும். அதை வைத்து முடிவு செய்வார்கள்.

கண்ணாடிப் பள்ளி: 92.

ஜனவரி 12, வெள்ளி

எழுதாமல் விடுவதில் அர்த்தமில்லை. சென்னையில் விமானம் ஏறியதிலிருந்து மதி வீட்டுக்கு வெளியே வாய் திறக்கவில்லை. வீட்டுக்குள் நாள் முழுக்கப் பேச்சுதான், தம்பியோடு சண்டைதான். கதவைத் தாண்டினால் உதட்டை மடித்து உள்ளே வைத்துக்கொள்கிறாள். பேக்கரியில் ஒரு பெண் பிஸ்கட் நீட்டினாள். வாங்கவும் இல்லை, வேண்டாம் என்று சொல்லவும் இல்லை, என் சட்டைக்குப் பின்னால் போய்விட்டாள்.

தாம்பரத்தில் தண்ணி லாரிக்காரரிடம் பேர், ஊர், பிள்ளை குட்டி எத்தனை என்று விசாரித்த பெண் இது.

பயணக் களைப்பாக இருக்கும்.

ஜனவரி 15, திங்கள்

பொங்கல். இங்கே அடுப்பில் நெருப்பு கிடையாது. கறுப்புக் கண்ணாடிமேல் பானையை வைத்தால் அதுவாகச் சூடாகிறது. பால் பொங்கி வழிந்தவுடன் அடுப்பு கீ கீ என்று கத்திவிட்டு அணைந்துபோனது. மேலே புகை மணியும் சேர்ந்துகொண்டது. "பொங்கலோ பொங்கல்!" என்று நான்கு பேரும் அதற்குமேல் கத்தினோம். மதியின் குரல்தான் உச்சம்.

உடனே வாசல் மணி. எதிர்வீட்டு விலேம். ஆறரை அடி மனிதர், கையில் தீயணைக்கிற சிலிண்டரோடு நிற்கிறார். மதி திரைச்சீலைக்குப் பின்னால் ஓடிவிட்டாள். செண்பகம் விளக்கம் சொல்லி, கிண்ணத்தில் பொங்கல் கொடுத்து அனுப்பினாள். அடுப்பை அவசரமாகத் துடைக்க வேண்டியிருந்ததால் நான் வாசலுக்குப் போக முடியவில்லை.

ஜனவரி 17, புதன்

எங்கள் தெருமுனையிலேயே ஒரு பள்ளி இருக்கிறது. நடந்தால் நான்கு நிமிடம். செண்பகம் அரைநாள் லீவு போட்டு என்னை வலுக்கட்டாயமாகக் கூட்டிப் போனாள்.

கேட்டில் ஆள் உயரத்துக்கு ஓர் ஆந்தைப் படம். பள்ளியின் பெயரே ஆந்தைதானாம். ஆந்தை இங்கே அறிவின் அடையாளம் என்கிறாள் செண்பகம். இருக்கட்டும். தினமும் காலையில் என் பிள்ளைகள் ஆந்தை முகத்தில் முழிக்க வேண்டுமா?

உள்ளே போனால் ஒரு பையன் சன்னல் கட்டையில் உட்கார்ந்து ஆப்பிள் கடித்துக்கொண்டே படிக்கிறான். ஒருத்தி சாக்ஸோடு தரையில் படுத்துக்கொண்டு பெருக்கல் போடுகிறாள். மொழி தெரியாமல் வருகிற பிள்ளைகளுக்கென்று ஒரு வகுப்பு, ஒரு வருடம். அதற்கு ஆசிரியை மார்லூஸ். முப்பது வயதிருக்கும், பச்சை பூட்ஸ். பிள்ளைகள் அவரை 'யுஃப் மார்லூஸ்' என்று பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். 'யுஃப்' என்றால் டீச்சர் என்றுதான் அர்த்தமாம். எதுவாக இருந்தால் என்ன, பேரைச் சொல்லலாமா?

வாரத்துக்குக் கணக்கு எத்தனை பீரியட், பரீட்சை எப்போது என்று கேட்கச் சொல்லி செண்பகத்திடம் சொன்னேன். அவள் கேட்டாள். மார்லூஸ் சிரித்துவிட்டு, "முதலில் அவள் இங்கே இருக்கப் பழகட்டும், எண்கள் எங்கும் ஓடிவிடாது" என்றார். எண்கள் ஓடாது, சரி. வருடங்கள் ஓடுமே?

முப்பத்தோராம் தேதி ஒரு காலைப்பொழுது பிள்ளைகள் வந்து இருந்து பார்க்கலாமாம். செண்பகம் பெயர் கொடுத்துவிட்டாள். சும்மா போய்விட்டு வருவதில் நஷ்டமில்லை என்று நானும் விட்டுவிட்டேன்.

ஆந்தைப் பள்ளி: 31. அதுவும் வீட்டுக்குப் பக்கம் என்பதற்காக இருபது.

ஜனவரி 19, வெள்ளி

கண்ணாடிப் பள்ளிப் பேட்டிக்கு மதியைத் தயார் செய்கிறேன். இருபத்திரண்டு கேள்வி, இருபத்திரண்டு பதில். உன் பெயர் என்ன, பிடித்த நிறம் எது, பிடித்த மிருகம் எது. சோபாவில் உட்கார்ந்து கடகடவென்று ஒப்பிக்கிறாள். பிடித்த மிருகம் ஆந்தை என்று சொல்கிறாள். ஆந்தை மிருகம் இல்லை, பறவை என்று திருத்தினேன். "அப்ப பிடிச்ச பறவை எதுன்னு கேளுங்க" என்கிறாள்.

ஜனவரி 22, திங்கள்

இருபத்திரண்டுக்கு இருபத்திரண்டு. கதவைச் சாத்திக்கொண்டு கேட்டால்.

ஜனவரி 23, செவ்வாய்

செண்பகம் சைக்கிள் வாங்கி வந்திருக்கிறாள். முன்னால் பெரிய மரப்பெட்டி, அதற்குள் பிள்ளைகள் உட்காரலாம். பார்த்தவுடன், "இது நம்ம மீன்பாடி வண்டியில்லா!" என்றேன். இங்கே டாக்டர்கள்கூட இதில்தான் பிள்ளைகளை ஏற்றிப் போகிறார்களாம். ஒரு சுற்று ஓட்டினேன். எதிர்காற்றில் வண்டி நின்ற இடத்திலேயே நின்றது. ஆறு பெட்டிக்குள்ளிருந்து, "அப்பா, போங்க, போங்க" என்று கையைத் தட்டுகிறான்.

ஜனவரி 25, வியாழன்

பேட்டி முடிந்தது.

மதிக்குச் சளி. அதனால் பேசவில்லை.

ஜனவரி 26, வெள்ளி

நேற்று எழுதியது சரியில்லை. சளி கிடையாது.

ஆசிரியை மிக நல்ல மாதிரி. மண்டியிட்டு உட்கார்ந்து, பொம்மைகளை எடுத்துப் போட்டு, பத்து நிமிடத்தை இருபது நிமிடமாக்கினார். மதி ஒரு கேள்விக்குக்கூட வாய் திறக்கவில்லை. கண்ணாடிச் சுவருக்கு இந்தப் பக்கம் நின்று நான் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தேன். உன் பெயர் என்ன என்று கேட்டபோது மதி ஆசிரியையைப் பார்க்கவில்லை, திரும்பி என்னைப் பார்த்தாள். நான் வாயசைத்துக் காட்டினேன். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். கிளம்பும்போது சேர்க்கை அம்மாள் குனிந்து, சாக்லேட் கொடுத்து, பை பை சொன்னார். "சொல்லிட்டு வா மதி" என்றேன். முகத்தைத் திருப்பிக்கொண்டு என்னை இழுத்தாள்.

இன்று பிள்ளைகள் தூங்கும் பகல் நேரத்தில், வீட்டிலிருந்து வேலை பார்த்த செண்பகம் லேப்டாப்பை மூடிவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"ஏங்க, ஒண்ணு சொல்லட்டா? கோவப்படக் கூடாது."

"சொல்லு."

"மதி யாரப் பாத்து இப்படி இருக்கா?"

"யாரப் பாத்து?"

"நீங்க இங்க வந்து யாருகிட்டயாவது ஒரு வார்த்த பேசியிருக்கீங்களா? விலேம் வந்தா அடுப்பத் தொடைக்கப் போறீங்க. பஸ்ஸுல டிரைவர் ஹலோ சொன்னா போனை எடுத்துக் காதுல வச்சுக்கிடுதீங்க. அந்தப் போன் அணைஞ்சு கெடக்குன்னு மதிக்குத் தெரியும். அவளே எங்கிட்ட சொன்னா."

"நான் தேவையில்லாமப் பேச மாட்டேன். எப்பவும் அப்படித்தான்."

"தாம்பரத்துல ரோட்டுல போறவனைக் கூப்பிட்டு அரசியல் பேசுவீங்க. இங்க மட்டும் என்ன? காலேஜுல மொத நாளு நீங்க இங்கிலீஷுல என்னமோ சொல்லி கிளாஸே சிரிச்சுதுன்னீங்களே, இன்னுமா அதக் கட்டிக்கிட்டு அழுதீங்க?"

அது இந்த விஷயத்துக்குச் சம்பந்தமில்லாதது. பன்னிரண்டாவது வரை தமிழில் படித்தவன் எந்த ஊர்க் கல்லூரிக்குப் போனாலும் நடப்பதுதான். எதையோ கலந்து இதில் கொண்டுவந்து போடுகிறாள் என்று கோபம் வந்தது. வந்த கோபத்தில் வீடு முழுக்கக் கூட்டிப் பெருக்கினேன்.

மதி உதட்டை மடித்து உள்ளே வைத்துக்கொள்வது மட்டும் கண்ணை விட்டுப் போகவில்லை. இந்தப் பிள்ளை இப்படியே இருந்துவிட்டால்? எந்தப் பள்ளியில் சேர்த்து என்ன பிரயோஜனம்?

ஜனவரி 28, ஞாயிறு

பஸ் டிரைவருக்கு ஹலோ சொன்னேன். அவர் பதிலுக்கு நீளமாக ஏதோ சொன்னார். இறங்கிவிட்டேன். அது எங்கள் நிறுத்தம் இல்லை.

ஜனவரி 31, புதன்

ஆந்தைப் பள்ளியில் ஒரு காலைப்பொழுது. செண்பகத்துக்கு மீட்டிங். நான் மட்டும் இரண்டு பேரையும் கூட்டிப் போனேன்.

ஆறு சின்னப் பிள்ளைகள் வகுப்புக்குள் போய், அடுத்த நிமிடமே அங்கிருந்த எல்லோரிடமும் தமிழில் பேச ஆரம்பித்துவிட்டான். யாருக்குப் புரிகிறது என்ற கவலை அவனுக்கு இல்லை. மதிக்கு என் விரலை விட மனமில்லை. "நீங்களும் உட்காருங்கள்" என்று மார்லூஸ் எனக்கு ஒரு முக்காலி போட்டார். முழங்கால் காதைத் தொடுகிற உயரம்.

பதினான்கு பிள்ளைகள். சிரியா, போலந்து, பிரேசில், இன்னும் எங்கெங்கிருந்தோ வந்தவர்கள். மார்லூஸ் எண்களை டச்சு மொழியில் சொல்வார். பிள்ளைகள் கையிலிருக்கிற சின்ன வெள்ளைப் பலகையில் எழுதி, தூக்கிக் காட்ட வேண்டும். மதி கையிலும் ஒரு பலகை கொடுத்தார். பிறகு என்னைப் பார்த்து, "அப்பாவுக்கும் ஒன்று?" என்றார். நான் எம்.எஸ்சி. கணிதம். கொடுங்கள் என்று வாங்கிக்கொண்டேன். ராத்திரியே ஒன்றிலிருந்து இருபது வரை மனப்பாடம் செய்து வைத்திருந்தேன், சும்மா இருக்கட்டும் என்று.

ஏழு, பன்னிரண்டு, பதினெட்டு எல்லாம் சரியாகப் போட்டேன். அடுத்து நிறுத்தி நிதானமாக, "ஃபெய்ஃப் என் ட்வின்டஹ்" என்றார். ஃபெய்ஃப் ஐந்து, ட்வின்டஹ் இருபது. ஐந்தை எழுதினேன், பக்கத்தில் இருபதின் இரண்டை எழுதினேன். மற்றவர்கள் எழுதி முடிப்பதற்குள் பலகையை உயரத் தூக்கிப் பிடித்தேன். ஐம்பத்திரண்டு.

சுற்றிலும் பதினான்கு பலகை. பதினான்கிலும் இருபத்தைந்து.

போலந்துப் பையன் ஒருவன் என் பலகையைக் காட்டி விழுந்து விழுந்து சிரித்தான். அவ்வளவுதான், வகுப்பே சிரித்தது. என் காது மடல் சூடாகிவிட்டது. எழுந்து போய்விடலாமா என்று முக்காலியிலிருந்து எழுந்திருக்கப் பார்த்தேன், கால் மரத்துப்போயிருந்தது. அப்போது அந்தச் சிரிப்புகளுக்கு நடுவில் எனக்குத் தெரிந்த ஒரு சிரிப்பு கேட்டது. மதி. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள்! எழுந்து வந்தாள். தன் ஸ்வெட்டர் கையால் என் ஐம்பத்திரண்டை அழித்தாள். இருபத்தைந்து எழுதினாள். எழுதிவிட்டு என் தோளில் தட்டிக்கொடுத்தாள்.

நானும் சிரித்துவிட்டேன். வேறென்ன செய்வது? கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்குச் சிரித்தேன். அந்தப் போலந்துப் பையன் போன மாதம் வரை ஐம்பத்திரண்டுதான் போட்டானாம். அதனால்தான் அவனுக்கு அவ்வளவு சந்தோஷம் என்று மார்லூஸ் சொன்னார்.

ஒன்றைப் பதிவு செய்துவிடுகிறேன். பிழை என்னுடையது அல்ல. இருபத்தைந்தை 'ஐந்தும் இருபதும்' என்று தலைகீழாகச் சொல்லிவிட்டு, நேராக எழுதுகிற மொழியின் பிழை.

புதன்கிழமை அரைநாள்தான் என்பதால் பன்னிரண்டேகாலுக்கே பள்ளி விட்டது. மார்லூஸ் கதவருகில் நின்று ஒவ்வொரு பிள்ளைக்கும் கைகொடுத்து அனுப்பினார். நான் மணல் தொட்டியிலிருந்து ஆறுவைப் பிடுங்கி எடுத்துக்கொண்டிருந்தேன். தூரத்தில் மதி அவர் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொல்வது போல இருந்தது. வழியில் கேட்டேன். "ஒண்ணும் இல்லப்பா" என்றாள்.

பிப்ரவரி 1, வியாழன்

ஒரே நாளில் இரண்டு கடிதம்.

ஒன்று, கண்ணாடிப் பள்ளியிலிருந்து. மதியோடு போட்டியிட்ட பிள்ளையின் குடும்பம் வேறு நாட்டுக்கு மாறிவிட்டதாம். இடம் மதிக்கே. பேசாதது பற்றிக் கவலை வேண்டாம், மூன்று மாதம் பார்க்கலாம் என்று எழுதியிருக்கிறார்கள். நாளை மதியத்துக்குள் பதில் சொல்ல வேண்டும். எனக்குத் தலைகால் புரியவில்லை.

இரண்டாவது, மார்லூஸிடமிருந்து, செண்பகத்தின் போனுக்கு. 'நேற்று கிளம்பும்போது உங்கள் மகள் என் கையைப் பிடித்துக்கொண்டு, வருகிறேன் என்று ஆங்கிலத்தில் சொன்னாள். எனக்கு அவ்வளவு மகிழ்ச்சி! அவளுக்கு இடம் எடுத்து வைத்துவிட்டேன்.' கூடவே ஒரு படம். கோட்டு மாட்டுகிற கொக்கிகளின் வரிசை, ஒரு கொக்கிக்கு மேல் மஞ்சள் காகிதம், அதில் காந்திமதி என்ற பெயர். ஆங்கிலத்தில் பதினோரு எழுத்து, ஓர் எழுத்துப் பிழை இல்லை.

மதியைக் கூப்பிட்டேன்.

"டீச்சர்ட்ட என்னம்மா சொன்ன?"

"போய்ட்டு வாரேன்னு சொன்னேன்."

"இங்கிலீஷ்லயா?"

"ஆமா. ஐ வில் கோ அண்ட் கம்."

செண்பகம் சமையலறையில் கரண்டியைக் கீழே போட்டுவிட்டுச் சிரிக்கிறாள். "பாவம் அந்தப் பொண்ணு! இவ போய்ட்டு வாரேன்னு சொன்னதுக்கு, சேருதேன்னு சொல்லிட்டான்னு கொக்கியே ஒதுக்கிட்டாங்களே!"

எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனாலும் ஒருவர் நம்பி ஏமாறக் கூடாது. மற்ற பள்ளியில் சேர்க்கப் போகிறோம் என்பதை நேரில் போய்ச் சொல்லிவிடுவதுதான் மரியாதை. "நீ போய்ச் சொல்லிருதியா?" என்றேன்.

"எனக்கு நாளைக்கு மூச்சு விட நேரமில்ல. உங்க இலாகா, நீங்களே போங்க."

பிப்ரவரி 2, வெள்ளி

பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு, பள்ளி ஆரம்பிக்கும் முன்பே போனேன். அவர்களை நடைபாதையில் நிறுத்திவிட்டு வகுப்புக்குள் நுழைந்தேன். சொல்ல வேண்டியதைத் துண்டுக் காகிதத்தில் எழுதி வைத்திருந்தேன். "மேடம், ஸ்மால் மிஸ்டேக்" என்று ஆரம்பித்தேன். காகிதத்தில் இருந்தது அதோடு மூன்று வரிதான். அதற்கப்புறம் காகிதத்தைப் பார்க்கவே இல்லை.

எங்கள் மொழியில் கிளம்புகிறவர் 'போகிறேன்' என்று சொல்ல மாட்டார் என்றேன். திரும்பி வராதவன்தான் அப்படிப் போவான். அதனால் போய்விட்டு வருகிறேன் என்போம், பாதி நேரம் போவதை விட்டுவிட்டு வருகிறேன் என்று மட்டும் சொல்வோம். கதவுக்கு வெளியே போய்க்கொண்டே 'வருகிறேன்' என்போம். என் மகள் சொன்னது அது. உங்கள் பள்ளியில் சேர்கிறேன் என்று அர்த்தமில்லை. இலக்கணம் எத்தனை இடத்தில் உடைந்ததோ தெரியாது. மார்லூஸ் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"அப்படியானால் யாரிடம் வேண்டுமானாலும் சொல்வாள்?" என்றார்.

"யாரிடமும். கடைக்காரர், சொந்தக்காரர், பக்கத்து வீடு."

"எப்போதுமா?"

"சாவு வீட்டில் சொல்ல மாட்டோம். ஆஸ்பத்திரியில் சொல்ல மாட்டோம். திரும்ப வரக் கூடாத இடம் இல்லையா? பேசாமல் எழுந்து போய்விடுவோம்."

சொல்லிவிட்டு எனக்கே வாய் நின்றுவிட்டது. பேக்கரியில் மதி சொல்லவில்லை. விலேமிடம் சொல்லவில்லை. கண்ணாடிப் பள்ளியில் நான் சொல்லச் சொல்லியும், சாவு வீட்டிலிருந்து கிளம்புகிற மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்தாள். ஒரு மாதமாக எத்தனை இடம் போய்விட்டாள் இந்தப் பிள்ளை! ஓர் இடத்தில்தான் சொல்லியிருக்கிறாள். யாரும் சொல்லச் சொல்லாமல் சொல்லியிருக்கிறாள்.

மார்லூஸ் காத்திருந்தார். "திஸ் மந்த், ஒன்லி யூ" என்றேன். "ஷீ டோல்டு ஒன்லி யூ."

அவர் கொக்கிகள் இருந்த பக்கம் திரும்பிப் பார்த்தார். பிறகு, "பெயரை எடுத்துவிடட்டுமா?" என்று மெதுவாகக் கேட்டார்.

கதவு வழியாக நடைபாதை தெரிந்தது. மதி தன் கோட்டைக் கழற்றி, எக்கி நின்று அந்தக் கொக்கியில் மாட்டிக்கொண்டிருந்தாள். இரண்டு தடவை விழுந்தது, மூன்றாவது தடவை நின்றது. ஆறு தன் கோட்டையும் அதன்மேலேயே மாட்டச் சொல்லி அவளோடு மல்லுக்கு நின்றான்.

"வேண்டாம், இருக்கட்டும்" என்றேன். தமிழில் சொல்லிவிட்டேன் என்பது பிறகுதான் உறைத்தது. அவருக்குப் புரிந்துவிட்டது.

ஆக, இரண்டு பிள்ளைகளுக்கும் ஆந்தைப் பள்ளி விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட நேர்ந்துவிட்டது. கண்ணாடிப் பள்ளிக்கு மன்னிப்புக் கேட்டு நானே கடிதம் எழுதினேன். செண்பகத்திடம் காட்டாமலே அனுப்பினேன். மாலையில் படித்துப் பார்த்து, இரண்டு பிழை இருக்கிறது என்றாள். இருந்துவிட்டுப் போகட்டும்.

பிறகு, "அப்ப ஆந்தைக்கு மார்க்கு என்ன?" என்றாள். ஒரே பாடத்தில் நூற்றுக்கு நூறு வாங்கி, மற்றதில் எல்லாம் கோட்டைவிட்ட மாணவர்களை நான் பார்த்ததில்லையா என்று சொல்லிச் சமாளித்தேன்.

பிப்ரவரி 6, செவ்வாய்

பள்ளியிலிருந்து பட்டியல் வந்திருக்கிறது. மதியச் சாப்பாட்டுக்குப் பதினைந்து நிமிடம், கையால் பிடித்துக் கடிக்கிற மாதிரி ஏதாவது. தோசையைச் சுருட்டி வைப்பது என்று முடிவு. மழைக்கால்சட்டை இரண்டு, உடற்பயிற்சிக் காலணி இரண்டு. வியாழக்கிழமை தோறும் பெற்றோருக்கு டச்சு வகுப்பு உண்டு, தேநீர் கொடுப்பார்கள். முதல் பெயர் என்னுடையது. தேநீருக்காகத்தான்.

பிப்ரவரி 10, சனி

விலேம் பொங்கல் கிண்ணத்தைத் திருப்பிக் கொண்டுவந்தார், உள்ளே ஆப்பிள் கேக்கோடு. நானே கதவைத் திறந்தேன். இருபது நிமிடம் பேசினோம். அதில் அவர் பேசியது பாதி, நான் பேசியது பாதி, இருவருக்கும் புரிந்தது கால்வாசி. அவர் கிளம்பும்போது என் பின்னாலிருந்து ஒரு சின்னக் குரல், "பை பை" என்றது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் நிறுத்திவிடுவாளோ என்று பயம்.

பிப்ரவரி 18, ஞாயிறு

நாளை முதல் நாள். பையைக் கட்டி, பிரித்து, மறுபடி கட்டினேன். தோசைக்கு மாவு புளிக்கவில்லை. ஹீட்டர்மேல் வைத்திருக்கிறேன்.

பிப்ரவரி 19, திங்கள்

பிள்ளைகளை மீன்பாடி வண்டியில் ஏற்றிக்கொண்டு போனேன். செண்பகம் வாசலில் நின்று போட்டோ எடுத்துவிட்டு ஆபீசுக்கு ஓடினாள். காற்று இன்று முதுகுப்பக்கம். நான்கு நிமிட வழியை ஒரே நிமிடத்தில் தாண்டி, கேட்டையும் தாண்டிப் போய், திரும்பி வந்தோம்.

ஆறு கையை உதறிவிட்டு மணல் தொட்டிக்கு ஓடினான். அவனைப் பிடித்து நேராக வகுப்புக்குக் கொண்டுபோய் விட வேண்டியிருந்தது. மதி கோட்டை ஒரே எக்கலில் கொக்கியில் மாட்டினாள். மார்லூஸ் கைநீட்டினார். மதி கைகொடுத்து, காலை வணக்கத்தை டச்சு மொழியிலேயே சொன்னாள். சத்தம் குறைவுதான். ஆனால் எனக்குக் கேட்டது, மார்லூஸுக்கும் கேட்டது.

எட்டரைக்கு மணி அடித்தது. மற்ற அப்பா அம்மாக்கள் எல்லாம் கிளம்பிவிட்டார்கள். நான் மதியின் மஃப்ளரைச் சரி செய்தேன். தோசை வைத்த சம்படத்தின் மூடி சரியாக இருக்கிறதா என்று பார்த்தேன். காலணி முடிச்சை அவிழ்த்துக் கட்டினேன். தண்ணீர் பாட்டிலை எங்கே வைத்திருக்கிறேன் என்று இரண்டாம் தடவை சொன்னேன். அழுதால் என்ன செய்வது, வயிறு வலித்தால் யாரிடம் சொல்வது என்று ஆரம்பித்தேன். வகுப்பில் எல்லோரும் வட்டமாக உட்கார்ந்துவிட்டார்கள். போலந்துப் பையன் தன் பக்கத்தில் ஓர் இடத்தைக் கையால் தட்டிக் காட்டிக்கொண்டிருந்தான்.

மதி அவனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பிறகு என்னோடு வகுப்பு வாசல் வரை நடந்து வந்து, நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தினமும் காலையில் செண்பகம் ஆபீசுக்குக் கிளம்பும்போது வீட்டு வாசலில் நான் நிற்பேனே, அப்படி.

"சரிப்பா" என்றாள். "நீங்க போய்ட்டு வாங்க."

"சரிம்மா, வாரேன்" என்றேன்.

எனக்குப் போவதற்கு ஓர் இடமும் இல்லை. சந்தைக்குப் போய் வெண்டைக்காய் இருக்கிறதா என்று பார்த்தேன். இல்லை. பள்ளி விடுவது இரண்டேகாலுக்கு. ஒன்றரைக்கே கேட்டில் போய் நின்றுவிட்டேன்.